பென்சிலில் எழுதிய தேதி

ஆகஸ்ட் பதினேழு. விடிய இன்னும் அரைமணி.
டொங்காட் கரும்புக்காடு எரிந்த சாம்பல்
கார்க் கண்ணாடியெல்லாம் கருப்பாய்ப் படிந்திருக்க,
மின்வேலிக்கு அப்பால்
மூன்று படி இறங்கியது ஒரு குரல்:
பீட்-மை-ஃப்ராவ்.

குயில் வந்துவிட்டது என்று
படையாச்சிக்குத் தகவல் அனுப்பினேன்.
செப்டம்பர் கடைசிக்கு முன் வராதே,
பார்த்தாயா? என்றார்.
கேட்டேன்.
கேட்டதை நான் கேட்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.
லிச்சி மரத்தில் சாம்பல் முதுகு, வரிவரியாய் வயிறு.
இதோ என்று மூச்சைப் பிடித்தால்
கொக்கி அலகோடு தலை திரும்புகிறது.
வல்லூறு.
அது போகும்வரை தோட்டமே வாய் திறக்கவில்லை.

பிறகு புதரின் அடியிருட்டில்
ஆரஞ்சு நெஞ்சும் நீலச்சாம்பல் இறகுமாய்
கைக்குள் அடங்குகிற ராபின் ஒன்று
பீட்-மை-ஃப்ராவ் என்றது,
அதே மூச்சில் கழுகின் கூவலும்,
எதிர்வீட்டு ரூபவதி
நாயைக் கூப்பிடும் சீழ்க்கையும்.
நாய் வந்து நின்றது.

இதன் கூட்டில்தான்
குயில் களவாய் முட்டையிடும்.
அக்டோபரில் ஏய்க்கப்போகிறவனின் குரலை
இப்போதே பாடிப் பார்க்கிறது.
பகையா, பயிற்சியா,
சும்மா நாக்கு ஊறுகிறதா,
எனக்குத் தெரியவில்லை.

தேதியை அழிக்கவில்லை.
குயிலை மட்டும் ரப்பரால் தேய்த்தேன்;
மூன்றெழுத்து, தாளில் தடம் இன்னும் இருக்கிறது.
ராபின், என்று படையாச்சிக்கு எழுதினேன்.

பார்த்தாயா?

பார்த்தேன்.
நாயும்தான்.