மூன்றில் ஒரு பங்கு

நாலு குடம் தண்ணீரை
சைக்கிள் கேரியர்களில் கட்டி
பாலாற்றுக்குள் இறக்கினோம்.
"ஆத்துக்கே தண்ணி தூக்கினு போறீங்களா சார்?"
மாட்டுவண்டிக்காரர் சிரித்தார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

ஏழாம் வகுப்பு, இருபத்தாறு பேர்.
பள்ளிகொண்டா பாலத்தின் நிழல் முடிகிற இடத்தில்
எங்கள் ஏவுதளம்:
ஒரு மணைப்பலகை, கட்டுக்கம்பி,
பஞ்சர் கடையில் கடன் வாங்கிய வால்வு.
ராக்கெட் என்பது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்,
மூக்குக்கு அரைப் பந்து,
இறக்கைகளுக்கு ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி.
ஒன்றில் இன்னும் படிக்க முடிந்தது:
அளவு 42, கறுப்பு.

முதல்முறை கழுத்துவரை தண்ணீர்.
கிருபாகரன் அழுத்த அழுத்த
பம்பு இறங்கமாட்டேன் என்றது.
பாட்டில் இடுப்புயரம் எழுந்து
கொஞ்சம் யோசித்து
என் சட்டைமேல் படுத்துக்கொண்டது.
அடுத்தது வெறும் காற்று.
ஒரு தும்மல். அவ்வளவுதான்.

மூன்றாம் விதியைப் பதினோரு வருடமாகக்
கரும்பலகையில் எழுதுகிறேன்.
எத்தனை டம்ளர் தண்ணீர் என்று
எந்த வருடமும் எழுதியதில்லை.
"தெரியாது" என்பதை
மணலில் நின்று சொல்வது சுலபமாக இருந்தது.
உடனே லோகேஸ்வரி
கவராயத்தால் பாட்டிலைக் கீறத் தொடங்கினாள்:
பாதி. கால். இரண்டுக்கும் நடுவே ஒன்று.

பாதிக்கு, பாலத்தின் கைப்பிடிச்சுவர் வரை.
காலுக்கு, கார்க்கில் கசிவு.
துணி சுற்றினோம், பசை தடவினோம்,
சூயிங்கம்கூட வைத்துப் பார்த்தான் ஒருவன்.
தஸ்மியா தன் பென்சில் டப்பாவைத் திறந்து
வட்டமான தோல்துண்டு ஒன்றை நீட்டினாள்.
அம்மாவின் கம்பெனியில் மிஞ்சியது.
ஏன் வைத்திருந்தாய் என்றால்
"சும்மாதான் சார்."
கசிவு நின்றது.

அதற்குள் இரண்டு குடத்தைக்
குடித்தே தீர்த்திருந்தார்கள்.
வேலூர் வெயிலில் யாரைக் குறை சொல்ல?
மிச்சமிருந்ததை வடித்து
நடுக்கோடு வரை ஊற்றினோம்.

பத்திலிருந்து எண்ணினார்கள் சிலர்,
ஐந்திலிருந்து சிலர்.
யார் பூஜ்யத்துக்கு என்று தெரியாமலே
கம்பியை இழுத்துவிட்டேன்.

அது போனது.
பாலத்தைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி,
சென்னை பஸ்ஸில் தூங்கியவர் முகத்தைத் தாண்டி,
வெள்ளை வால் உதிர்ந்த பிறகும்
வேறு ஏதோ தள்ளுகிற மாதிரி.
பின் ஒருக்களித்து
அக்கரைச் சீமைக்கருவேல முள்ளில் சொருகியது.
இருபத்தைந்து பேர் ஓடினார்கள்.

லோகேஸ்வரி மட்டும் நகரவில்லை.
என் செல்போனைப் பார்த்து எழுதினாள்:
நாலு புள்ளி எட்டு செகண்ட்.
"இன்னும் ரெண்டு ஸ்பூன் கம்மி பண்ணா, சார்?"
குடங்களைக் கவிழ்த்துக் காட்டினேன்.
தண்ணீர் விழுந்த மணல்
அதற்குள் காய்ந்திருந்தது.

வண்டிக்காரர் போயிருக்கவில்லை.
நுகத்தடியருகே கட்டியிருந்த கேனை அவிழ்த்து
எங்களை நோக்கி நடந்து வந்தார்.
"மாட்டுக்கு வெச்சது," என்றார்.
"மூணுல ஒரு பங்குதானே வேணும்?"