ஜவ்வரிசியின் முதுகு

ஒரே ஈற்றில் பிறந்தவை இரண்டும்.
தாய் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி
மெத்தையிட்ட அட்டைப்பெட்டியில்
ஆறு கிடந்தன, கண் திறக்காமல்,
வெந்நீரில் ஊறிய விரல்களைப்போல.
மூன்று தங்கவில்லை.
ஒன்றை அம்மாபேட்டைத் தறிக்காரர் கேட்டு வாங்கிப் போனார்.
ஒன்றுக்கு ஜவ்வரிசி என்று பெயர் வைத்தேன்.
மற்றதை ஆறாம் வாரம்
சேர்வராஜ் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
கடைசிப் பேருந்தில் மலையேறினான்.
இருபது வளைவுக்கும் மூச்சு விட்டதாம், சிறுநீரும்.

மார்கழியில் போன் வந்தது.
'ஏமாத்திட்ட.
உன்னுது வெள்ளை.
என்னுது மூக்கு, காது, நாலு காலும்
கரியில தோய்ச்ச மாதிரி இருக்கு.
இது வேற யாருக்கோ பொறந்தது.'
படமும் அனுப்பினான்:
நாகலூர்ப் பனியில், மிளகுக்கொடி அடியில்,
மிளகு நிறத்தில் இரண்டு காதுகள்.

என்னிடம் நோட்டு இருக்கிறது.
எது எதோடு சேர்ந்தது, என்றைக்கு, எத்தனை குட்டி,
எல்லாம் தேதியோடு.
தாய் முழு வெள்ளை, செங்கண்.
தகப்பன் மூக்குக் கறுத்தவன்.
பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
அவன் நம்பவில்லை.
சொல்லப்போனால், ஜவ்வரிசியின் காது நுனியில்
தேநீர் சிந்திய கறைபோல ஏதோ இருந்தது,
அவ்வளவுதான்.
எனக்கே கொஞ்சம் சந்தேகம்.

பிறகு சித்திரை.
செவ்வாய்ப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே இருப்பவர்களுக்கு
அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.
பகலெல்லாம் கொலுசுக்குப் பற்றவைத்த தீயின் முன் இருந்துவிட்டு
வீட்டுக்கு வந்தால் வீடும் பட்டறை.
முயலுக்கு வியர்க்காது.
சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே விடும்.
நரம்பு புடைத்த காதை ஈரத்துணியால் ஒற்றுவேன்.
அகத்தி கொஞ்சம், வேலிமசால் கொஞ்சம், காய்ந்த புல் நிறைய.
முட்டைக்கோஸ் கூடாது,
உப்பினால் வாந்தி எடுக்கவும் தெரியாத வயிறு.
கீழ்வீட்டு ஃப்ரீசரில், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில்,
எனக்கு இரண்டு பாட்டில் இடம்.
கட்டியான பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைத்தால்
போய்ச் சாய்ந்துகொள்ளும்,
பேருந்து சன்னலில் தூங்குகிறவன்போல.

கம்பி கிழித்துச் சீழ் வைத்தது அப்போதுதான்.
மருத்துவர் ரெஹானா உள்ளங்கை அகலம் மழித்து, கீறி, கழுவி,
'ஆறிடும்' என்றார்.
ஆறியது.
ரோமம் முளைத்தது.
கறுப்பாக.

அழுகலோ என்று ஓடினேன்.
விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
'இந்தப் பக்கம் எதுல சாஞ்சு படுக்கும்?'
சொன்னேன்.
சிரித்தார்.
கறுப்பு உடம்பெங்கும் எழுதித்தான் இருக்கிறதாம்.
சூட்டில் அந்த மை வேலை செய்யாது.
குளிர்ந்த இடத்தில், புது மயிர் முளைக்கும்போது,
இறங்கிவிடும்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று
சேர்வராஜைக் கூப்பிட்டேன்.
கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.
காற்று மட்டும் இரைந்தது, அங்கே.
பிறகு, 'அப்ப என்னுதை அங்க விட்டா வெளுக்குமா?'
'வெளுக்கறதுக்குள்ள செத்துரும்' என்றேன்.
'சரி, சரி.
காதுல என்னமோ சொறியுது இதுக்கு,
என்ன மருந்து போட்ட?'

அன்று இரவு நோட்டை எடுத்தேன்.
நிறம் என்ற கட்டத்தில் 'வெள்ளை' என்று இருந்தது.
அடித்துவிட்டு
'சேலத்தில் வெள்ளை' என்று எழுதினேன்.
அடுத்த முறை ரோமம் உதிரும்போது
இந்தக் கறுப்பும் போய்விடும் என்றிருக்கிறார்.
போகட்டும்.
கை வைத்து அளந்து பார்த்தேன்:
நீளவாக்கில், ஒரு பக்கம் கொஞ்சம் குறுகி,
ஒரு லிட்டர் பாட்டில்.
மூடிகூடத் தெரிகிறது.