நூறுக்கு ஒன்று

தலையில் களிமண் என்று எவரையாவது திட்டுமுன்
ஜூலையில் ஒருமுறை ஹெண்டர்சன் பக்கம் வாருங்கள்.
ஆக்லாந்தின் மேற்கு ஓரம். எங்களுக்கு அது குளிர்காலம்.
களிமண்ணுக்கு ஞாபகம் அதிகம்.
ஏப்ரலில் பெய்ததை இன்னும் மடியில் வைத்திருக்கிறது,
கெஞ்சினாலும் கீழே விடாது.

நேடாவின் பின்கதவருகே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
துணி உலர்த்த மட்டும்.
முற்றத்தின் நடுவில் சுழலும் கொடிக்கம்பி,
அதைச் சுற்றிக் கணுக்கால் ஆழச் சேறு.
இரவுப்பணி முடிந்து வந்து
மருத்துவமனைச் சீருடையை
ஒரு கிளிப்புக்கு ஒரு அடியாக
கால் பிடுங்கிப் பிடுங்கிக் காயப்போடுவாள்.

மணல் கொட்டிப் பார்த்தாளாம்.
மணலும் களியும் சேர்ந்து செங்கல்லாகிவிட்டன.
மூன்று முறை விதை தூவினாளாம்.
போன குளிர்காலத்தில் இரண்டு வாத்துகள் வந்து
வீடு பார்த்துவிட்டுப் போயின,
வாடகை மட்டும் கேட்கவில்லை என்றாள்,
சிரிக்காமல்.

பக்கவாசல் குறுகல். இயந்திரம் நுழையாது.
நானும் பெனியாமினாவும் இரண்டு மண்வெட்டிகளும்.
ஈரக்களி வெட்ட வரும், விட்டுப் போக வராது.
ஒவ்வொரு வெட்டுக்கும் வாளித் தண்ணீரில் முக்கி,
காலால் தட்டி,
எண்பத்தேழு தள்ளுவண்டி.
எண்ணியது அவன். நான் எண்பதோடு நிறுத்திவிட்டேன்.

ஒரு சாண் தோண்டியதும் அடியில்
வழவழவென்று சாம்பல்நீலத் தட்டு,
சோற்றுப் பானையின் உள்பக்கம் போல.
இதற்குமேல் எந்தப் புல்லை வைத்தாலும்
அது மிதக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கயிறு கட்டினோம்.
நூறுக்கு ஒன்று சரிவு:
நூறு அடி போனால் ஓரடி இறக்கம்.
கண்ணுக்குத் தெரியாது,
தண்ணீருக்குத் தெரியும்.
வாய்க்கால் வெட்டி, துணி விரித்து,
துளையிட்ட குழாயைப் படுக்க வைத்து
சரளையால் போர்த்தினோம்.

வேலிக்கு அந்தப்புறம் பள்ளத்தில் டெஸ்மண்ட்.
வேலிக்கு மேலே தொப்பி மட்டும் வந்து நின்றது.
"எல்லாம் என் தக்காளிக்கா வரப்போகிறது?"
இல்லை ஐயா, தெருவின் மழைநீர்க் குழிக்கு.
தொப்பி நம்பவில்லை.
குழாய் போகும் வழியெல்லாம்
வேலியோரமாகத் தானும் நடந்து
சாலைவரை வந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கியது.

அதிர்வுப்பலகை ஓடிய மூன்றாம் நாள்
அவள் தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தனவாம்.
ஜல்லித்தூள் கெட்டியானது.
கடைசியாகத்தான் புல் வந்தது,
பாய்போலச் சுருட்டி, புது டயர் வாசனையோடு.
அதன் இதழ்களுக்கு ஒரே பக்கம் சாய்வு.
அவற்றை வீட்டை நோக்கிப் பார்க்க விரிப்பது வழக்கம்,
ஜன்னலிலிருந்து அடர்த்தியாகத் தெரியும்.
மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்து நிமிர்த்தினோம்.

மறைப்பானேன்,
வாங்குகிறவர்கள் புல்லை வாங்குகிறார்கள்.
நாங்கள் விற்பது சரிவை.
மேலே உள்ளது பொய், சாயம் போகாத பொய்.
கீழே உள்ளது ஜல்லி.

கருவிகளைக் கழுவும்போது ஒரு கரும்பறவை இறங்கியது.
நான்கு எட்டு ஓடி, நின்று,
தலையைச் சாய்த்து மண்ணைக் கேட்டது.
கொத்தியது.
இன்னொரு முறை, சற்றுத் தள்ளி.
பெனியாமினா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
எங்கள் விலைப்பட்டியலில் புழுவுக்குக் கட்டம் இல்லை.
நேடா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு
வேலியோரம் இரண்டு முழம்
பச்சைப்பாயை மடக்கச் சொன்னாள்.
"அங்கே சேறு இருக்கட்டும்."
வெட்டிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

வெள்ளி இரவு பெருமழை.
பதினொன்றேகாலுக்குப் போன்.
ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் எடுத்தேன்.
அவள் பேசவில்லை.
குழியின் கம்பிமூடி அருகே போனை நீட்டியிருக்கிறாள்:
களகளகளவென்று
ஏப்ரல், மே, ஜூன்.

நல்லது, தூங்குங்கள் என்றேன்.
என் கொல்லையில் மழை
பெய்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.
வருகிற கோடையில் பார்க்க வேண்டும்
என்று ஆறு கோடையாகச் சொல்லிவருகிறேன்.