விதி நான்கு

மஞ்சூர் வங்கியிலிருந்து மூன்று மாதத்துக்கொருமுறை
குறுஞ்செய்தி வருகிறது:
வட்டி பதினோரு ரூபாய் வரவு.
குந்தாச் சிறுபள்ளிகள் விளையாட்டுக் கழகம்
செத்துப் பதினாறு வருடம்.
பணம் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எழுபத்தெட்டில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகள்.
நூறு பிள்ளைக்கு மேலிருந்தால் சேர்க்கமாட்டோம்,
அது முதல் விதி.
பந்து தேயிலைக்குள் போனால்
கிடைக்கும்வரை கடிகாரம் நிற்கும்.
மூடுபனியில் எதிர்க் கோல்கம்பம் மறைந்தால்
ஆட்டம் சமன்.
இந்த மூன்றாம் விதியை வைத்தே
மேல்கொம்பை ஒரு பருவம் முழுக்கத் தோற்கவில்லை.

அணை வேலை முடிந்தது,
முகாம் காலி, முகாம் பள்ளியும் காலி.
சிலோன்காரர் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு இறங்கியதும்
மரப்பாலத்துக்குத் தொடர் ஓட்டத்தில் மூன்றே பேர்.
சந்தனமேரி இரண்டு சுற்று ஓடினாள்,
கட்டையைத் தன் வலக்கையிலிருந்து
தன் இடக்கையில் வாங்கிக்கொண்டு.
ஆட்சேப மனு வந்தது.
தள்ளுபடி செய்தேன்.

கடைசிப் பருவத்தில் இரண்டு பள்ளி.
ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம்.
எவன் எந்தக் காலால் உதைப்பான் என்பது
எல்லோருக்கும் தெரிந்துபோய்
ஏழாவதில் யாருமே கோல் போடவில்லை.
கேடயம் ஆலன் மாஸ்டர் வீட்டில் ஆறு மாதம்,
என் வீட்டில் ஆறு மாதம்.

கணக்கை மூட இரண்டு கையெழுத்து வேண்டும்.
செயலாளர் நான்.
பொருளாளர் ஆலன் மாஸ்டர் ஆவணியில் போய்விட்டார்.
கழகத்தைக் கூட்டி
வேறு ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்
புது மேலாளர், சின்னப் பையன்.

கூட்டம் நடக்கக் குறைந்தது மூன்று பள்ளி வேண்டும், தம்பி.
விதி நான்கு.
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.