கோடு காயும் நேரம்

திருப்பாலைக்குடி விலக்கு தாண்டி
உப்பூர் பார்த்து
நடுக்கோடு இழுத்துக்கொண்டிருந்தோம்.

கொப்பரையில் வெள்ளைக் குழம்பு கொதிக்கிறது.
மிக்கேல் வண்டியைத் தள்ளுகிறான்.
சூடு மாறுமுன்
கண்ணாடி மணி தூவிக்கொண்டு பின்னால் நான்.
ராத்திரி விளக்கில் மினுங்குவது அதுதான்.
பகலில் பார்த்தால்
உப்பு லாரியில் மூட்டை ஓட்டை என்பீர்கள்.

கோட்டைத் தாண்டக் கூடாது, சட்டம்.
நாங்கள் தாண்டலாம்.
இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்,
எதிர்த்திசையிலும் நடக்கலாம்
கடைசிக் கூம்பு வரைக்கும்.
கூம்பைக் கடந்து
டீ வாங்கப் போகும் மிக்கேலின் பைக்குக்கு
அந்தச் சலுகை இல்லை.
போன மாதம் ஐந்நூறு கட்டினான்,
ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமலே.

தெற்கு முனையில் இருளாயி.
கச்சான் காற்று கொடியைக் கம்பில் சுற்றிவிடும்.
பிரித்துப் பிரித்துப் பிடிப்பாள்.
சிவப்புக்கு
தொண்டி பஸ் நின்றது.
கல்யாண வேன் பாட்டை நிறுத்தாமல் நின்றது.
நண்டுக்கூடை ஆட்டோவும் நின்றது.
"செத்த நண்டு பாதி விலைக்கா."
"ரெண்டு நிமிசம் தம்பி, கோடு காயட்டும்."

அப்போதுதான் அந்த ஜீப்.
நம்பர் பலகையில் 'அ'.
சைரன் இல்லை.
உள்ளே நோயாளி இல்லை.
எந்த ஊரிலும் தீப்பிடித்ததாகத் தகவல் இல்லை.
முன்சீட்டில் ஒரு ஃபைல்,
பின்சீட்டில் ஒரு தூக்கம்.

வரிசையை ஒதுக்கிவிட்டு வந்தது.
சிவப்புக் கொடியை
வரவேற்பு என்று நினைத்ததோ என்னவோ,
காயாத கோட்டில் ஏறி
நெளிந்து
இறங்கிப் போனது.
கூம்பு ஒன்று உருண்டு
கருவேல முள்ளில் சாய்ந்துகொண்டது.

இருளாயி கத்தவில்லை.
கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தடத்தைப் பார்த்தாள்.
நண்டு ஆட்டோக்காரன் அவளைப் பார்த்தான்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மத்தியானம் காண்ட்ராக்டர் வந்தார்.
நாற்பது மீட்டர். சுரண்டணும், மறுபடி போடணும்,
குழம்புக்காசு கூலியில்.
"எது ஏறுச்சு?"
சொன்னோம்.
பேனா நின்றது. காற்றில் தாள் படபடத்தது.
"ஆடுன்னு எழுதிக்கிறேன்."
"குளம்பு எங்கண்ணே?" என்றாள் இருளாயி.
அவர் அதற்குள் 'ஆ' போட்டுவிட்டார்.
'அ'வுக்கு ஒரு சுழி கூட,
அவ்வளவுதான் வித்தியாசம்.

இருட்டியபின் தொண்டி பஸ்.
முன்விளக்கில் எங்கள் கோடு
கடல்வரைக்கும் போவதுபோல நேராக மினுங்கியது.
பக்கத்திலேயே இன்னொன்று,
விட்டு விட்டு, சக்கரம் சுற்றிய இடைவெளியில்,
கொஞ்ச தூரம் கூடவே வந்து
பயணியர் மாளிகை வாசலில்
இடதுபுறம் திரும்பியது.

"இந்தக் கோடு எதுக்குப் போட்டீங்க?"
டிரைவர் கேட்டார்.

டிக்கெட்டை நான்காய் மடித்து
முந்தானையில் முடிந்துகொண்டே இருளாயி சொன்னாள்:
"அது நாங்க போட்டதில்ல."