இரண்டு மெகாஹெர்ட்ஸ்

முதல் வேலை, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவது.
காற்று கரைந்த தண்ணீரில்
நாங்கள் அழைக்காத குமிழிகள் முளைக்கும்,
அழைத்தவற்றை மறைக்கும்.
காலாப்பட்டில் காற்றை வெளியே நிறுத்துவது லேசல்ல.
சன்னல் சந்து வழியாக உப்போடு வந்து
பம்பின் திருகில் உட்கார்ந்துவிடும்.
வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் துடைக்கிறாள்
அமலோற்பவம்.

பிறகு குழாய். ஓடுவது ரத்தமில்லை,
கிளிசரின் கலந்த தண்ணீர்.
நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு ஊற்றினால்
ரத்தத்தின் நடை வந்துவிடுகிறது.
அதில் விடுகிறோம்
கொழுப்புத் தோல் போர்த்திய குமிழிகளை.
ஒரு தலைமயிரின் அகலத்தில்
முப்பது பேர் வரிசையில் நிற்கலாம்.
ஊசிக்குள் பார்த்தால் நீர்த்த பால்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில்
நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.
நிற்க முடியாது, திரும்ப முடியாது.
ஓரத்திலிருந்து ஒரு குரல்,
"நூறு ரூபாய்க்கு மூணு!"
நடை நிற்பதில்லை. தோள் மட்டும் சாய்கிறது.
நாலு கடை தாண்டுவதற்குள்
கையில் ஒரு பனியனோடு ஓரத்தில் இருக்கிறோம்.

எங்கள் குரல் கூப்பிடாது, தள்ளும்.
நொடிக்கு இருபது லட்சம் அதிர்வு.
வராந்தாவில் படுத்திருக்கும் நாய் காதை அசைக்கவில்லை.
முந்திரித் தோப்பு வௌவாலுக்கும் எட்டாது.
குமிழிக்கு மட்டும் கேட்கிறது.
ஒடுங்கி விம்மி ஒடுங்கி விம்மி
ஒவ்வொரு விம்மலுக்கும் நூலளவு நகரும்.
நூலளவுகூட இல்லை.

மார்ச் முழுக்க எதுவும் நகரவில்லை.
ஒலியைக் கூட்டினேன்.
திரையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்,
அப்புறம் வெறும் குழாய்.
அத்தனையும் உடைந்திருந்தன.
"அதட்டாதே" என்றாள் அமலோற்பவம்.
கருவியைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.
மாத்திரையை நிறுத்திவிட்ட தம்பியிடம்
காலையில் போனில் நான் கத்தியபோது
அவளும் அறையில்தான் இருந்தாள்.

ஏப்ரலில் அழுத்தத்தைப் பாதியாக்கினோம்.
துடிப்பை நீட்டினோம்.
ஒரு பங்கு ஒலி, ஒன்பது பங்கு சும்மா இருத்தல்.
குமிழிக்கு மேலே போகத்தான் தெரியும்,
அதனால் மேலிருந்து தள்ளினோம்.
கீழ்ச்சுவருக்குப் போனால்
அது எங்கள் வேலை என்று நம்பலாம்.

இரவு எட்டு நாற்பது.
நடு ஓட்டம் மெல்ல வெளுக்கிறது, இல்லை, காலியாகிறது.
கீழ்ச்சுவரில் பென்சிலால் இழுத்த மாதிரி
ஒரு வெள்ளைக் கோடு.
ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது,
அவை ஓரமாக, உருண்டபடி.
அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள்,
உடனே தேதியையும் எழுதினாள்.

ஒலியை நிறுத்தினேன்.
மூன்று எண்ணுவதற்குள் கோடு கலைந்துவிட்டது.
அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்:
சுவர்வரை கொண்டுபோகலாம்.
பிடித்துக்கொள்ளச் சுவரிலும் ஏதாவது வேண்டும்.
நாளை உட்புறத்தில் பசைப்புரதம் பூசிப் பார்க்க.

கடைசிப் பேருந்தில் ஆறு பேர்.
கணபதிசெட்டிக்குளம் தாண்டும்போது
தம்பிக்கு ஒருமுறை அடித்தேன்.
எடுக்கவில்லை.
உடனே மறுபடி அடிக்க விரல் போனது.
போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.
லாஸ்பேட்டைத் திருப்பம்வரை
சும்மா இருந்தேன்.