கருப்புப் புள்ளி

குத்தைசி நகர அருங்காட்சியகத்தின் நிலவறையில்
தூசு நீக்குவது எனக்கு வேலை.
துடைப்பம் இல்லை.
ஒரு திரை, ஒரு பேனா, கால்மாட்டில் ஒரு ஹீட்டர்.

பழைய கண்ணாடித் தகடுகளை
ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள்.
வெள்ளைப் புள்ளி என்றால் பிற்பாடு படிந்த தூசு.
கருப்பு என்றால் படம் பிடித்த அன்றைக்கே
கேமராவுக்குள் இருந்த தூசு.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
பேனாவால் தொட்டால் போதும்,
பக்கத்து வெளுப்பில் கொஞ்சம் கிள்ளி
மென்பொருள் அதை மூடிவிடும்.

தகட்டுக்கு இருபது நிமிடம்.
மார்ச்சுக்குள் நாலாயிரம் முடியாவிட்டால்
நிதி நின்றுவிடும் என்கிறார் ஒத்தார்,
மாடிப்படியில் நின்றபடியே.

முப்பத்தோராம் பெட்டி. ஸ்வனேத்தி மலை.
கல் கோபுரத்தின் முன்னால் ஒரு குடும்பம்,
பதினோரு பேர்.
பின்னால் சரிவு முழுக்கப் பனி.
ஒரு குழந்தை அசைந்துகொண்டே இருந்திருக்கிறது.
அதனால்தான் நாலு தகடு.

முதல் தகட்டில்,
கணவாய்க்குச் சற்றுக் கீழே
கடுகளவு கருப்பு. அழித்தேன்.
இரண்டாவதிலும் ஒன்று. அழித்தேன்.
மூன்றாவதில் பேனாவை வைக்கும்போது
புள்ளிக்குக் கீழ்நுனி பிளந்திருந்தது.

பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
தூசுக்குக் கால் கிடையாது.

அழித்ததையெல்லாம் திரும்ப வரவழைத்து
மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன்:
கணவாய்.
பாறைக்கு இந்தப் பக்கம்.
வேலி.
இறங்கி வந்துகொண்டிருக்கிறான்
அல்லது வந்துகொண்டிருக்கிறாள்.
பனி முழங்கால் வரை இருக்கும்.

நாலாவது தகட்டின் உறையில்
பென்சிலால் எழுதியிருந்தது: கெட்டது.
சரிவு காலி.
பதினோரு பேரில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.
எல்லா முகமும் இடது பக்கம்,
சட்டத்துக்கு வெளியே, ஒரே திக்கில்
கலங்கித் திரும்பியிருக்கிறது.
ஒருத்தியின் வாய் திறந்திருக்கிறது.
குழந்தை மட்டும்
இப்போதுதான் அசையாமல் நிற்கிறது.

வந்த சேதி நல்லதா?
உறையில் உள்ள சொல்
படத்தைப் பற்றியது, அவ்வளவுதான்
என்று சொல்லிக்கொள்கிறேன்.

'படத்தில் உள்ளோர்' என்ற கட்டத்தில்
முதல் மூன்றுக்கும் பன்னிரண்டு என்று திருத்தினேன்.
நாலாவதற்கும் பன்னிரண்டு என்று அடித்து,
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
பதினொன்று ஆக்கினேன்.

"மக்வாலா, இன்றைக்கு எத்தனை?"
நாலு என்றேன்.
ஒத்தார் ஹீட்டரைப் பார்த்தார்,
குற்றம் அதன் மேல் என்பது போல.

ஏற்கெனவே முடித்த மூவாயிரத்து நூறையும்
வீட்டுக்குப் போகும் பேருந்தில்
நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.
எத்தனை வானத்தை வெளுத்துவைத்தேன்.
எத்தனை ஆற்றை.

இப்போதெல்லாம்
எந்தப் புள்ளியைத் தொடும் முன்னும்
அடுத்த தகட்டைத் திறந்து பார்க்கிறேன்,
நகர்ந்திருக்கிறதா என்று.
பெரும்பாலும் இல்லை.
தகட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.